எலும்புக்குள் எட்டிப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.!



நம் சுவரிதழில் ஒரு கட்டுரைக்கு ஒரு ஷீட் என்பதுதான் கணக்கு. நான் கெஞ்சிக் கூத்தாடி நான்கு ஷீட் வாங்கியிருக்கிறேன். எழுத்தும் கொஞ்சம் பொடியாகத்தான் இருக்கும். இண்டர்வெல்லில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் மீதி என்று நின்று படித்துவிடுங்கள். விஷயம் எங்க அப்பாவின் முட்டு பற்றியது.

முழங்காலை நம்ம ஊரில் முட்டு என்றுதானே சொல்வோம்? புத்தகத்தில் முழங்கால் மூட்டு. நான் இரண்டையும் கலந்துதான் எழுதுவேன். தமிழ் ஐயா மன்னிக்கவும்.

எங்க அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியக்காலம் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் முந்நூறு மரம் வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்து முடிக்க மதியம் ஆகிவிடும். அதுவும் சரிவான விளை. கடந்த ஆனி மாதம் ஒரு நாள், ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. பால் வாளியோடு இறங்கும்போது அப்பா வழுக்கி விழுந்துவிட்டார். ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. எப்படி விழுந்தீங்க என்று கேட்டால், "விழுந்தது தெரியும், எப்படின்னு தெரியாது மக்களே. ஒரு வாளி பாலும் போச்சு" என்றார். முட்டை விட வாளிதான் அவருக்குப் பெரிய கவலை.

ஒரு மணி நேரத்துக்குள் வலது முட்டு பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, நார்மல் என்று சொல்லி மாத்திரையும் கட்டும் கொடுத்து, ஓய்வெடுக்கவும் சொன்னார்கள். அப்பா காதில் விழுந்தது "ஒண்ணுமில்லே" என்ற ஒரு வார்த்தை மட்டும்! ஐந்தாம் நாள் நொண்டிக்கொண்டே பால் வெட்டப் போய்விட்டார். போகாமல் இருந்தால் விளைக்காரர் வேறு ஆளை வைத்துவிடுவார் என்ற பயம். வெட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டால் திரும்ப அந்த மரங்கள் நமக்குக் கிடைக்காது. ரப்பர் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும்.

வலி குறையவில்லை. எங்க தாத்தா காலத்திலிருந்து பழக்கமான வர்ம ஆசான் ஒருவரிடம் அம்மா கூட்டிக்கொண்டு போனார்கள். ஆசான் முட்டைச் சுற்றிப் பைய அழுத்திப் பார்த்தார். வெளிப்பக்கம் ஒரு இடத்தில் விரல் பட்டதும் அப்பா துள்ளிவிட்டார். "எலும்புக்குள்ள சதவு இருக்கு. காலை ஊனக்கூடாது" என்றார் ஆசான். அப்பா சிரித்தார். "எலும்புல எப்படி ஆசானே சதவு வரும், அது என்ன சதையா?" உள்ளதைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவு படிக்கிறேன் அல்லவா! எலும்பு என்றால் ஒன்று உடையும், இல்லாவிட்டால் உடையாது. சதவு சதைக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான். எலும்பில் சதவு வருமா? வந்தால் அதை எப்படிப் பார்ப்பது?

முதலில் படம் 1-ஐப் பாருங்கள் (இடப்பக்கம் ஒட்டியிருக்கிறது, கலர் பென்சிலில் வரைந்தது என் தங்கை). முட்டில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. மேலே தொடை எலும்பின் அடிமுனை. அதில் இரண்டு உருண்டைகள். கீழே டிபியா எலும்பின் மேல்முனை. இது திண்ணை மாதிரித் தட்டையாக இருக்கும். டாக்டர்கள் டிபியல் பிளாட்டோ என்கிறார்கள், நான் திண்ணை என்றே எழுதுகிறேன். தொடை எலும்பின் உருண்டைகள் இரண்டும் இந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் மூடியிருப்பது சிரட்டை. எலும்புகளுக்கு நடுவில் குருத்தெலும்பு, மெனிஸ்கஸ் என்ற இரண்டு பிறை வடிவ மெத்தைகள், எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் லிகமெண்ட் நார்கள். நம்முடைய முழுப் பாரமும், தலையில் சுமக்கும் சுமையும், ஒவ்வொரு அடியிலும் இந்தத் திண்ணையில்தான் இறங்குகிறது.

இனி எலும்பை வெட்டிப் பார்த்தால்? வெளியே ஓடு மாதிரி ஒரு கெட்டியான அடுக்கு. உள்ளே பஞ்செலும்பு. மெல்லிய எலும்புக் கம்பிகள் வலை பின்னினது போல் இருக்கும், இடைவெளியெல்லாம் மஜ்ஜை. பெரியவர்களின் முட்டுப் பகுதியில் இந்த மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்புதான். சரி, பலமாக ஒரு இடி விழுந்தால் என்ன ஆகும்? மரத்திலிருந்து சக்கை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சில சக்கை பிளந்துவிடும். சில சக்கைக்கு மேல்தோலில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் வெட்டினால் விழுந்த பக்கம் உள்ளே நசுங்கிக் கன்றிப் போயிருக்கும். எலும்பும் அப்படித்தான்! வெளி ஓடு நெளியாமல், உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிகள் மட்டும் நொறுங்கி, ரத்தமும் நீரும் மஜ்ஜைக்குள் கசிந்து நிற்கும். இதற்கு ஆங்கில மருத்துவத்திலும் எலும்புச் சதவு என்று பொருள்படும் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது, ஆசானை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

எக்ஸ்ரே ஏன் இதைக் காட்டவில்லை? ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8-ல் கண்டுபிடித்த அந்தக் கதிர் ஒரு வகையில் நிழல் விளையாட்டு. எலும்பிலுள்ள கால்சியம் கதிரைத் தடுக்கும், பிலிமில் அது வெள்ளையாக விழும். எலும்பு இரண்டாகி விலகியிருந்தால் நிழலிலும் விலகல் தெரியும். விலகாமல் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தால்? முன்பக்கம், நடு, பின்பக்கம் எல்லாம் ஒரே நிழலாக ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் அந்த விரிசல் மறைந்து போகலாம். கசிந்த நீரோ எக்ஸ்ரேக்குத் தெரியவே தெரியாது. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதல் ஆஸ்பத்திரியில் கவனக்குறைவு என்று எங்க மாமா சண்டைக்குப் போகப் பார்த்தார். பிறகு பார்த்த எலும்பு டாக்டர் அதே பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, இடம் எதுவென்று தெரிந்த பிறகும், "இப்பவும் இதுல எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். படம் காட்டாததை யாரும் படிக்க முடியாது.

அந்த எலும்பு டாக்டரிடம் போனது விழுந்து பதினாறாம் நாள். எக்ஸ்ரே நார்மல் என்று நாங்கள் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். "வீக்கம் உடனே வந்துதா, மறுநாள் வந்துதா?" உடனே. "நாலு அடி ஊனி நடக்க முடிஞ்சுதா?" இல்லை. உடனடியாக வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தமாம். எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார். தனியார் சென்டரில் ஆறாயிரம் ரூபாய் என்றார்கள். அப்பா எழுந்துவிட்டார். "ஒண்ணுமில்லாத முட்டுக்கு ஆறாயிரமா சாரே?" அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டார்கள். (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் குறைவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்றும் அங்கே கேட்கலாம். எங்களுக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.)

எம்.ஆர்.ஐ. என்றால் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தம், ரேடியோ அலை இரண்டும்தான். நம் உடம்பில் பாதிக்கும் மேல் தண்ணீர். தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் சுற்றுகிற ஒரு சின்னப் பம்பரம், ஒரு சின்னக் காந்தம். சாதாரணமாக இவை ஆளுக்கொரு திசையில் கிடக்கும். பலமான காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்தால் அசெம்பிளியில் விசில் அடித்த மாதிரி வரிசைக்கு வரும். எல்லாம் அல்ல, பத்து லட்சத்தில் சிலதான் கூடுதலாக ஒரே பக்கம் சாயும். ஆனால் உடம்பில் ஹைட்ரஜனுக்கா பஞ்சம்? அந்தச் சில போதும்.

எவ்வளவு பலமான காந்தம்? பரவலாக இருக்கும் கருவி 1.5 டெஸ்லா. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் நாலு பங்கு. வகுத்துப் பாருங்கள், முப்பதாயிரம் மடங்குக்கும் மேல்! (பூமியின் காந்தம் என்றதும் ஒரு துணுக்கு. நமக்குப் பக்கத்தில் தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைத்ததே, புவிக்காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போனதால்தான்.) இவ்வளவு காந்தத்தை உண்டாக்கும் கம்பிச் சுருளை திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே கிடையாது. நம் இயற்பியல் பாடத்தில் வரும் மீகடத்தி இதுதான்.

வரிசைக்கு வந்த பம்பரங்களை ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் சாயும். ஆனால் எந்த அலையும் ஆகாது. 1.5 டெஸ்லாவில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அலைக்குத்தான் ஹைட்ரஜன் அசைந்து கொடுக்கும். பண்பலை வானொலி 88-லிருந்து 108 வரை, அதற்குக் கொஞ்சம் கீழே. அலையை நிறுத்தியதும் பம்பரங்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரு சிக்னல் கொடுக்கும். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் மெதுவாகத் திரும்பும், கொழுப்பில் இருப்பது சீக்கிரம் திரும்பும். இந்த வித்தியாசம்தான் படத்தில் கறுப்பும் வெளுப்புமாக விழுகிறது. எந்த இடத்திலிருந்து சிக்னல் வந்தது என்று கண்டுபிடிக்க, காந்த பலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வைப்பார்கள். அப்போது முட்டின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி, தனி அலைவரிசையில் பேசும்!

இந்த இடத்தை மாற்றும் யுக்தியை 1973-ல் வெளியிட்டவர் பால் லாட்டர்பர். அதை வேகமாகப் படமாக்கக் கணித வழி தந்தவர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட். இருவருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் பரிசு. ரேமண்ட் டமாடியன் என்பவரோ 1971-லேயே புற்றுக் கட்டியின் சிக்னல் வேறுபடுகிறது என்று எழுதி, 1977-ல் தன் கருவியில் மனித உடம்பை முதன்முதலாகப் படமெடுத்தவர். ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நோபல் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பரிதாபம்தான். இந்தியாவுக்கு இந்தக் கருவி 1986-ல் டில்லியிலுள்ள இன்மாஸ் ஆய்வகத்துக்கு வந்தது. 2023-ல் பெங்களூரு வாக்சல்கிரிட்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா கருவி ஒன்றைச் செய்து காட்டியது.

சரி, ஸ்கேன் சென்டருக்கு வருவோம். நாகர்கோவில். உள்ளே போகும் முன் மோதிரம், வாட்ச், சில்லறை, போன், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அப்பாவின் அரைஞாணில் ஒரு தகட்டுத் தாயத்து உண்டு. அதைக் கழற்ற மாட்டேன் என்று அரைமணி நேரத் தகராறு. கடைசியில் அம்மா கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். சிரிக்காதீர்கள், இது விளையாட்டுக் காரியம் அல்ல. அந்தக் காந்தம் ஸ்விட்ச் போட்டு அணைக்கிற காந்தம் அல்ல, ராத்திரி பகல் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு வந்த ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக, காந்தம் இழுத்ததில் உயிரே போய்விட்டது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காதுக்குள் கருவி பொருத்தியவர்கள், கண்ணில் இரும்புத் தூள் பட்ட வெல்டிங் வேலைக்காரர்கள், உடம்பில் பழைய பிளேட் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முட்டு என்பதால் கால் முதலில் உள்ளே போனது. முட்டைச் சுற்றி ஒரு கூடு மாதிரி மாட்டினார்கள், அதுதான் சிக்னலைக் கேட்கும் ஏரியல். காதுக்கு அடைப்பான். வெளியே எங்களுக்கே டொக் டொக் டக டக என்று செண்டை மேளம் மாதிரி கேட்டது. இடம் மாற்றும் காந்தச் சுருள்களுக்கு மின்சாரம் விட்டு விட்டுப் பாய்வதால் அவை அதிர்ந்து போடும் சத்தம் அது. அரைமணி நேரம் அசையக் கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும். வலி அதிகமாக இருந்தால் இதுவே பெரிய கஷ்டம். கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30-ல் கார் விபத்தில் அடிபட்டபோது, மூளைக்கும் முதுகெலும்புக்கும் எடுத்துவிட்டு, முட்டுக்கும் கணுக்காலுக்கும் வலியும் வீக்கமும் அதிகம் என்று எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிவைத்தார்கள். அவ்வளவு வசதி உள்ளவருக்கே அப்படி.

ஒரே முட்டைப் பல விதமாகப் படம் எடுக்கிறார்கள். எலும்புக்கு முக்கியம் இரண்டு. முதல் வகையில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். நல்ல எலும்பின் உட்பக்கம் கொழுப்பு மஜ்ஜை, ஆகவே வெள்ளை. அதில் நீர் கசிந்திருந்தால் அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். இரண்டாவது வகையில் கொழுப்பின் சிக்னலை வேண்டுமென்றே அமர்த்திவிடுவார்கள். அப்போது எலும்பு முழுக்க இருட்டாகிவிடும், நீர் கசிந்த இடம் மட்டும் இருட்டில் லைட் போட்ட மாதிரி வெள்ளையாக எரியும். விரிசல் இருந்தால் அந்த வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடு. இதில் ஒரு வேடிக்கை, எலும்பின் கெட்டியான ஓடு இரண்டிலும் கறுப்புதான்! ஓட்டில் அசையக்கூடிய ஹைட்ரஜன் அவ்வளவாக இல்லையே. எலும்புக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. எலும்பின் சுண்ணாம்பைப் பார்ப்பதில்லை, அதற்குள் இருக்கும் நீரையும் கொழுப்பையும் பார்க்கிறது. அதனால்தான் உடைந்த துண்டுகள் எத்தனை, எங்கே கிடக்கிறது என்று ஆபரேஷனுக்குக் கணக்கெடுக்க சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஒன்று மற்றதற்கு மாற்று அல்ல.

எலும்பு டாக்டர் பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். படம் 2-ஐப் பாருங்கள், நான் பார்த்து வரைந்தது, அளவு சரியாக இருக்காது. வலது முட்டின் வெளிப்பக்கத் திண்ணைக்குள் வெண்புகை மாதிரி ஒரு பரப்பு. அதற்குள் சாய்வாக மெல்லிய ஒரு கறுப்புக் கோடு. நேர் மேலே தொடை எலும்பின் வெளி உருண்டையிலும் சின்ன வெண்மேகம். அதற்கு எதிர்ப்பக்கம், உட்புற லிகமெண்டில் வீக்கம். மூட்டுக்குள் தேங்கிய ரத்தத்தின் மேல் ஒரு அடுக்கு கொழுப்பு. இறைச்சிக் குழம்பு ஆறினால் மேலே எண்ணெய் மிதக்குமே, அது போல. மஜ்ஜைக் கொழுப்பு மூட்டுக்குள் வந்திருக்கிறது என்றால் எலும்பு எங்கோ திறந்திருக்கிறது என்று பொருள்.

டாக்டர் பிலிமைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாதம் தரையில நல்லா ஊனியிருந்திருக்கு. வெளிப்பக்கத்துல இருந்து கட்டியா ஏதோ முட்டுல இடிச்சிருக்கு. முட்டு உள்பக்கமா வளைஞ்சிருக்கு. வெளிப்பக்கம் எலும்பும் எலும்பும் மோதியிருக்கு, உள்பக்கம் நார் இழுபட்டிருக்கு. சரிதானா?" அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாறை ஒண்ணு உண்டு சாரே, அந்த மரத்து மூட்டுல" என்றார். பதினாறு நாளாக அப்பாவுக்கே நினைவில்லாத விழுதலை அந்தப் படம் சொல்லிவிட்டது. எலும்புச் சதவு எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து எப்படி அடிபட்டது என்று கண்டுபிடிப்பது டாக்டர்களுக்கு ஒரு தனிப் படிப்பாம். போலீஸ் காலடித் தடம் பார்ப்பது போல! ஆளை முன்புறம் கட்டும் சிலுவை லிகமெண்ட் அறுந்தால் சதவு வேறு இடத்தில், அதாவது தொடை எலும்பின் வெளி உருண்டையிலும் டிபியாவின் பின் வெளி ஓரத்திலும் விழும். கால்பந்தும் கபடியும் ஆடும் அண்ணன்மார் இதைக் கவனிக்கவும். அப்பாவுக்கு அந்த லிகமெண்ட் பத்திரமாக இருந்தது.

பிறகு டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "இதை வெச்சுக்கிட்டா பதினோரு நாள் சுமை தூக்கினீங்க?"

விரிசல் விட்ட ஓட்டின் மேல் ஏறி நடப்பது போலத்தான் அது. திண்ணை அப்படியே உள்ளே அமிழ்ந்திருந்தால் முட்டு கோணி, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டி வந்திருக்கும். சின்ன வயதிலேயே மூட்டு தேய்ந்துவிடவும் கூடும். கோடு இன்னும் விலகவில்லை, ஆகவே ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் அந்தக் கால் தரையில் பாரத்தோடு படக் கூடாது என்றார். ஊன்றுகோல், முட்டுக்குப் பட்டை, இடையிடையே எக்ஸ்ரே. அந்த ஆறு வாரமும் எங்க மாமா தன் வெட்டையும் முடித்துவிட்டு அப்பாவின் மரங்களையும் வெட்டினார், அதனால் மரம் கைவிட்டுப் போகவில்லை. அம்மா அண்டி ஆபீஸுக்குப் போனார்கள். நான் ஷீட் அடிக்கப் பழகினேன். காலாண்டில் கணக்கில் ஏன் மார்க் குறைந்தது என்று கேட்ட வகுப்பாசிரியருக்கு இதுதான் பதில்.

இதைப் படித்துவிட்டு முட்டு வலித்தால் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடாதீர்கள். முதலில் கையால் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்கே கனடா நாட்டின் ஒட்டாவா டாக்டர்கள் 1990-களில் எளிய விதிகள் வகுத்திருக்கிறார்கள். அடிபட்டவருக்கு வயது 55 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சிரட்டையில் மட்டும் தொட்டால் வலித்தாலோ, வெளிப்பக்கம் முட்டுக்குக் கீழே துருத்தி நிற்கும் ஃபிபுலா எலும்பின் தலையில் வலித்தாலோ, முட்டை 90 டிகிரி மடக்க முடியாவிட்டாலோ, அடிபட்டதும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதில் ஒன்றிருந்தாலும் போதும். எக்ஸ்ரே நார்மலாக வந்தும் காலை ஊன்ற முடியவில்லை, உடனே வீங்கியது, முட்டு பாதியில் பூட்டிக்கொள்கிறது, நடக்கும்போது நழுவுகிறது என்றால் திரும்பவும் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எங்க அப்பா செய்யாதது அதுதான்.

எம்.ஆர்.ஐ. அதிகமாகவும் காட்டிவிடும் என்று ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருக்கு முட்டில் எம்.ஆர்.ஐ. எடுத்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதமாக முட்டில் வலியே இல்லை! மஜ்ஜையில் நீர் தெரிவதும் அடிபட்டதால் மட்டும் அல்ல, தேய்மானத்தாலும் வரும். அதனால் ரிப்போர்ட்டை நாமே படித்துப் பயப்படவும் கூடாது, ஆளைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து வைத்தியம் செய்யவும் கூடாது. எங்க அப்பாவுக்கு ஆசானின் விரல் பட்ட இடமும் படத்தில் வெளுத்த இடமும் ஒன்றாக இருந்தது, அதனால் நம்ப முடிந்தது.

முட்டை விட இதில் அவசரமானது இடுப்பு. வீட்டில் தாத்தா பாட்டி தடுக்கி விழுந்து, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் எழுந்து நிற்க முடியவில்லை என்றால், வயதான வலி என்று விட்டுவிடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் விலகாத முறிவு இருக்கலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2011-லேயே, இப்படிச் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டால் சி.டி. எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. விலகாமல் இருக்கும்போது கண்டுபிடித்தால் சின்ன ஆபரேஷன். விலகிவிட்டால் பெரிது. ஸ்போர்ட்ஸுக்காக நாள் தவறாமல் ஓடுகிறவர்களுக்கு, விழாமலேயே, ஓடி ஓடிக் கால் எலும்பில் அழுத்த முறிவு வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே காட்டாது, எம்.ஆர்.ஐ. காட்டும். பி.டி. சாருக்கு இது தெரிந்திருக்கும்.

எலும்புச் சதவு ஆற சில வாரம் முதல் பல மாதம் ஆகும். அப்பா எட்டாவது வாரம் ஊன்றுகோலை விட்டார். இப்போது சமதளமான விளையில் வெட்டுகிறார். மழை பெய்த மறுநாள் சரிவில் இறங்குவதில்லை, இறங்க அம்மா விடுவதில்லை.

போன வாரம் ஆசான் வீட்டுக்கு வந்திருந்தார். பிலிமைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "இதுல எது சதவு?" என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா எழுந்து போய், வெளுத்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

கட்டுரையில் சந்தேகம் இருந்தால் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் எழுதிப் போடுங்கள். இயற்பியல் சாரிடமும் கேட்டு, அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

— பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு